அகத்திக்கீரைக்குப் போட்ட முத்துமாலை

அந்தச் சிவப்பு நூல் நாலாவது தடவையா வந்தப்போதான் அரண்மனை விகடகவி பூச்சியப்பன் அதைக் கவனிச்சான்.

மருதங்காட்டு அரண்மனையோட தானியக் கிடங்கு வாசல். ராஜா குமாரதீரர் நிக்கிறாரு. பக்கத்துல திவான் திருமேனிநாதர். எதிர்ல நெசவாளர் தெருப் பொம்பளைங்க வரிசை. ஒவ்வொருத்தியும் ஒரு கட்டு அகத்திக்கீரையைக் காட்டுறா, இலவச அரிசியோட ஒரு உருண்டை வெல்லத்தையும் வாங்கிட்டுப் போறா. கை வேற வேற. முகம் வேற வேற. கட்டு மட்டும் ஒரே கட்டு! காலையில அது முதல் தடவையா வந்தப்போ திவான் கமுக்கமா அதுல ஒரு சிவப்பு நூலைக் கட்டி விட்டிருந்தாரு.

"என்ன பூச்சியப்பா, உன் கீரை ஊர்வலம் போகுது போல?"ன்னாரு திவான்.

திட்டம் பூச்சியப்பனோடதுதான். அந்தத் தெருப் பிள்ளைங்களுக்கு மாலைக்கண். இருட்டினா சுவர்ல முட்டிக்குதுங்க. வைத்தியர் கீரை கொடுக்கச் சொன்னாரு. உடனே நம்மாளு சபையில துள்ளி எழுந்து, "கீரை வாங்கி வந்து காட்டினா வெல்லம்! எப்படி என் மூளை!"ன்னு தன் முதுகைத் தானே தட்டிக்கிட்டான். இத்தனைக்கும் கீரைன்னாலே அவன் ஓடிடுவான். அவனுக்கு வடைதான் காய்கறி.

"இந்த ஜனங்களுக்கு நாக்கும் கிடையாது, நன்றியும் கிடையாது மகாராஜா. அரிசியையே நிறுத்திடலாம்"னு திவான் எடுத்துக் கொடுத்தாரு.

ராஜா முகம் சிவந்துடுச்சு. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கெடு. சரியான பதில் சொல்லு. இல்லேன்னா கிடங்குக்குப் பூட்டு. நீ ஊர் எல்லையைத் தாண்டிப் போயிடணும்."

பூச்சியப்பன் நேரா சிட்டம்மா வீட்டுக்கு ஓடினான். கடைசியா கட்டைக் கொண்டு வந்தவ அவதான்.

"ஏம்மா, என்னை இப்படிக் கவுத்திட்டியே!"

"கோவப்படாதீங்க சாமி. உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க"ன்னு சட்டியில இருந்து அள்ளி வச்சா. தண்ணியில வெந்த அகத்தி, ரெண்டு கல்லு உப்பு. அவ்வளவுதான்.

ஒரு வாய் வச்சான். கசப்பு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு! துப்பவும் வெக்கம், முழுங்கவும் முடியல. சிட்டம்மா தண்ணி மொள்ளத் திரும்பினா. டக்குனு பின்னாடி நின்ன ஆட்டுக்கு மொத்தத்தையும் தள்ளிட்டான்.

"அட, முழுசா சாப்பிட்டீங்களா?"

"பிரமாதம்மா!"

ஆடு அவன் விரலை நக்கிக்கிட்டிருந்துச்சு. சிட்டம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. "எங்க வீட்டுலயும் இதே கதைதான் சாமி. பருப்பில்ல, எண்ணெயில்ல. வெறுங்கீரையை வச்சா பிள்ளைங்க துப்பிட்டு ஓடுது. அதான் ஒரே கட்டைக் கை மாத்திக்கிட்டோம். வெல்லத்தைக் குழம்புலயா போடுறது?"

பூச்சியப்பன் வாயைத் துடைச்சான். "அம்மா, உன் ஆட்டை நாளைக்கு ஒரு பொழுதுக்கு இரவல் தா."

மறுநாள் மத்தியானம். அரண்மனைப் பந்தியில ராஜா, திவான், சபைப் பெரியவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. முதுகுக்குப் பின்னாடி நீளமா ஒரு பட்டுத் திரை.

"நம்ம திட்டப்படியே விருந்து மகாராஜா. முழுசா சாப்பிடுறவங்களுக்கு உங்க முத்துமாலை பரிசு. சம்மதமா?"ன்னு கேட்டான் பூச்சியப்பன்.

"சம்மதம். போடு"ன்னு ராஜா மாலையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு.

இலையில சிட்டம்மா சமையல் விழுந்துச்சு. ஒரு வாய் போனதும் எல்லாரும் மூஞ்சியைச் சுளிச்சாங்க. திவான் கண்ணுல தண்ணி.

"மோர் கொண்டு வரேன்"னு பூச்சியப்பன் உள்ளே போனான். வேணும்னே மெதுவா போனான், அதைவிட மெதுவா வந்தான். வந்து பார்த்தா எல்லா இலையும் கழுவி விட்டாப்ல பளபளன்னு இருக்கு!

"அமிர்தம்யா! மாலை எனக்குத்தான்"னாரு திவான்.

"நானும்தான் சாப்பிட்டேன்"னாரு ராஜா, எங்கேயோ பார்த்துக்கிட்டு.

அப்போ திரைக்குப் பின்னாடி "மே..."ன்னு ஒரு ஏப்பம்.

பூச்சியப்பன் திரையை விலக்கினான். வயிறு உப்பின ஆடு. வாயில இன்னும் ஒரு காம்பு. ராஜா கையிலிருந்த மாலையைப் பணிவா வாங்கி, அது கழுத்துல போட்டான்.

"முழுசா சாப்பிட்டது இவ ஒருத்திதான் மகாராஜா. நேத்து என் பங்கையும் இவதான் சாப்பிட்டா."

திவான் மெல்ல விரலைத் துடைச்சுக்கிட்டாரு. திடீர்னு ராஜா தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டுத்தான் கேட்டாரு, "சரி, வழியைச் சொல்லு."

"கீரை கொண்டு வந்தா வெல்லம் வேண்டாம். பருப்பும் எண்ணெயும் கொடுங்க. அப்புறம் கீரையைக் கிடங்கு வாசல்லயே அரிஞ்சு கொடுத்துடுங்க. அரிஞ்ச கீரை தெருத்தெருவா சுத்தாது."

அப்படியே நடந்துச்சு. நெசவாளர் தெருவுல தாளிக்கிற வாசனை கிளம்புச்சு. நாளாக ஆக, பொழுது சாஞ்சும் பிள்ளைங்க தெருவுல ஓடிப் பிடிச்சு விளையாடுச்சுங்க. ஆடுதான் பாவம், இளைச்சுப் போச்சு.

ராஜா பூச்சியப்பனைக் கூப்பிட்டாரு. "உனக்கொரு பரிசு. இனிமே தினமும் மத்தியானம் என்கூட அரண்மனையில சாப்பாடு."

பூச்சியப்பனுக்கு வாயில எச்சில் ஊறுச்சு. "வடை உண்டா மகாராஜா?"

"பருப்பு போட்ட அகத்திக்கீரை. என் எதிர்லயே உக்காந்து சாப்பிடணும்"னு ராஜா சிரிச்சாரு. "திரையைக் கழட்டச் சொல்லிட்டேன்."