சாம்பி வளர்த்த மின்னல்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. தேவைக்கு மேலேயே பேசின. குன்றிமலையில் அதிகம் பேசாதவள் ஒரே ஒரு பூனைதான். சாம்பல் நிறம். அதனால் பெயர் சாம்பி.

சாம்பிக்கு மூன்று குட்டிகள். கண் திறந்து நான்கே நாள். வேங்கை மரப் பொந்தில் அவற்றை விட்டுவிட்டு எலி பிடிக்கப் போனாள். ஐப்பசி மாதம். வானம் உறுமிக்கொண்டே இருந்தது. மின்னல் ஒன்று இறங்கி அந்த வேங்கையின் உச்சியில் விழுந்தது.

அவள் திரும்பி வந்தபோது மரம் இல்லை. கரி இருந்தது.

கரியைச் சுற்றி மூன்று முறை நடந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அப்போது சாம்பலுக்குள் ஏதோ முனகியது. குனிந்து பார்த்தாள். கடுகளவு வெளிச்சம். நீல நிறம். நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாரு நீ?"

"மின்னல். சின்ன மின்னல்."

"இங்க என்ன பண்றே?"

"அம்மா மேலே போறப்ப என்னை விட்டுட்டுப் போயிட்டா. எனக்கு ஏறத் தெரியல."

"நேத்து இந்த மரத்துல இறங்கினாளே, அவளா உங்கம்மா?"

"ஆமா."

சாம்பி முன்னங்காலைத் தூக்கினாள். நகம் வெளியே வந்தது. ஓர் அடி போதும்.

"குளிருது," என்றது அது.

முதல் நாளிலிருந்தே பால் கட்டி அவள் மடி வலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பால் தானாக வடிந்தது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். அது அவள் ரோமத்துக்குள் புகுந்துகொண்டது. பால் குடிக்க அதற்குத் தெரியவில்லை. சூட்டை மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

அதற்குப் பொறி என்று பெயர் வைத்தாள்.

வளர்ப்பது லேசான காரியமாக இல்லை. ரோமத்தை எதன் மீதாவது உரசினால் பொறி விழித்துக்கொள்ளும். சடசடவென்று விளையாடும். பக்கத்தில் எருக்கம்பஞ்சு பறந்தால் இழுத்துப் பிடிக்கும். பிடித்ததும் தன்னிடம் இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு கொடுத்துவிடும். பங்கு வாங்கிய பஞ்சு உடனே துள்ளித் தள்ளிப் போய்விடும்.

"உன்கிட்ட வாங்கிட்டு உன்னையே விட்டுட்டு ஓடுது பாரு," என்பாள் சாம்பி.

"அதுகிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. அப்புறம் எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கணும்?" என்று பொறி கேட்கும்.

ஒரு நாள் காலையில் பனி நனைந்த புல்லில் நடந்து அவள் உடம்பு முழுக்க ஈரமாகிவிட்டது. பொறி மங்கிப்போனது. கூப்பிட்டால் பதில் இல்லை. வெயிலில் சூடேறிய பாறையில் பகல் முழுவதும் புரண்டு புரண்டு உடம்பைக் காயவைத்தாள். உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் முனகல் கேட்டது. அதற்குப் பிறகு அவள் தண்ணீர் இருந்த திசைக்கே போகவில்லை. வெறும் மண்ணிலும் படுக்கவில்லை. மண் எதையும் கேட்காமலே உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த சருகாகப் பார்த்துப் படுத்தாள்.

மாசி பிறந்தது. காற்று காய்ந்தது. மலையில் யாரோ ஒருத்தர் ரோமத்துக்குள் நீலமாக என்னவோ மினுங்கியது என்று ஒரு கரிக்குருவி சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. யாருடைய ரோமம் என்று சொல்லவில்லை. அவ்வளவு போதும். கரடி கருமன் எல்லோரையும் வட்டப்பாறைக்கு வரச் சொன்னான். மலைக்கு அவன்தான் பெரியவன். அதே ஐப்பசி இடியில் அவன் தம்பியும் போயிருந்தான்.

"மேலேயிருந்து வர்ற மின்னலை நம்மால தடுக்க முடியாது. கீழே ஒண்ணு தங்கிடுச்சாம். எவனோ ஒருத்தன் ரோமத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான். கிடைச்சா அதை ஆத்துல முக்கணும். ஒளிச்சவன் இந்த மலையை விட்டே போகணும். சரிதானா?"

சரி என்றார்கள்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றது காட்டுப்பன்றி.

கருமன் சாம்பியைப் பார்த்தான். "தங்கச்சி, மூணு பிள்ளையைப் பறிகொடுத்தவ நீ. அதோட குணம் உனக்குத்தான் தெரியும். உன்னைவிட யாருக்கு அது மேல கோபம் இருக்கப் போகுது? நீ கத்துக்குடு."

சாம்பியின் ரோமத்துக்குள் பொறி ஒடுங்கியது.

"யாருக்குக் கத்துக்கொடுக்க, அண்ணே?"

"பெருசுகளுக்குப் பயம். பொடிசுகளுக்குப் பொறுமை கிடையாது. இந்த ரெண்டுங்கெட்டான் வயசுல சிலது சுத்திக்கிட்டு இருக்கே, அதுகளை அனுப்பறேன். ஏழு நாள். எட்டாம் நாள் எல்லாரையும் சோதிச்சுப் பாத்துடணும். ஒருத்தரையும் விடக் கூடாது."

மூன்று பேர் வந்தார்கள். துடுக்கி என்ற குரங்கு. செவியன் என்ற முயல். கருமனின் மகள் கரிச்சி.

முதல் நாள் சாம்பி பொய் சொன்னாள். வேறு என்ன செய்வாள்?

"கண்ணை மூடிக்கிட்டு மோப்பம் பிடிங்க. மின்னல் இருந்தா கருகின வாடை வரும்."

மூவரும் மூக்கை விடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். துடுக்கி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அத்தை, மோப்பத்துல கிடைக்கும்னா எங்க தாத்தனே கண்டுபிடிச்சிருப்பானே. அவனுக்கு வேற என்ன வேலை?"

"எனக்குச் செவியன் வாடைதான் வருது. குளிச்சு எத்தனை நாளாச்சு இவன்?" என்றாள் கரிச்சி.

"உன்னைவிட ரெண்டு நாள் கம்மிதான்."

சாம்பி அதட்டினாள். அதட்டினால் அந்த வயசு அடங்குமா? இரண்டாம் நாள், தூரத்திலிருந்து முறைத்துப் பார்க்கச் சொன்னாள். செவியன் முறைத்தபடியே தூங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் கரிச்சிக்குப் போரடித்தது. சாம்பியின் முதுகில் ஒட்டுப்புல் அப்பியிருந்தது. புரசு மரக் கிளையில் பூச்சி கட்டியிருந்த அரக்கில் ஒரு துண்டை உடைத்து, "அத்தை, அசையாம இருங்க," என்று சொல்லி வறட் வறட்டென்று தேய்த்து எடுக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று சாம்பி சொல்லுமுன் பத்து இழுப்பு இழுத்துவிட்டாள். காற்றில் மிதந்து வந்த எருக்கம்பஞ்சு ஒன்று சட்டென்று திரும்பி வந்து அந்த அரக்கில் ஒட்டியது.

"அத்தை! இது என்ன?"

காற்று என்று சொல்லியிருக்கலாம். நாலு நாள் போயிருக்கும், கதை முடிந்திருக்கும். சாம்பி அந்த முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் அகன்று, வாய் பாதி திறந்து, மூச்சுக்கூட விடாமல் கரிச்சி நின்றுகொண்டிருந்தாள். பொய் வாயில் வரவில்லை.

"மறுபடி தேய். ஒரே பக்கமா, வேகமா," என்றாள்.

அதிலிருந்து அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொடுத்தாள். அதிகம் சொல்லவும் இல்லை. செய்யவிட்டாள். மூவரும் ஆளுக்கொரு அரக்குத் துண்டு எடுத்து அவள் முதுகில் தேய்த்தார்கள். பஞ்சு தாவியது. உமி தாவியது. கூழாங்கல் தாவவில்லை. ஒட்டிய பஞ்சு கொஞ்ச நேரத்தில் தானே எகிறி விலகியது. செவியன் துரத்திப் பிடிக்கப் போனான். அரக்கை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் பஞ்சு விலகி விலகி மிதந்தது.

"கோவிச்சுக்கிச்சா?" என்றான்.

"பங்கு வாங்கிடுச்சு," என்றாள் சாம்பி.

தேய்த்த இரண்டு அரக்குத் துண்டுகளைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. துடுக்கி தன் துண்டை ஓடையில் நனைத்துவிட்டு வந்து காட்டினாள். ஒன்றும் தாவவில்லை.

"செத்துப்போச்சு அத்தை."

"ஈரம் ஆகாது அதுக்கு."

ஆறாம் நாள் சாயங்காலம் செவியன் தன் முதுகிலேயே அரக்கைத் தேய்த்துப் பார்த்தான். பஞ்சு அசையவில்லை. துடுக்கியின் முதுகில் தேய்த்தான். இல்லை. கரிச்சியின் முதுகில் தேய்த்தான். அதிலும் இல்லை. மூன்று பேரும் மெதுவாகச் சாம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை... அப்ப அது உங்ககிட்டயா?" என்றாள் துடுக்கி. முதல் தடவையாக அவள் குரலில் குறும்பு இல்லை.

"ஆமா."

சாம்பி எல்லாவற்றையும் சொன்னாள். வேங்கை மரம், கரி, குளிருது என்ற சொல். பொறி ரோமத்திலிருந்து எட்டிப் பார்த்தது. மூவரையும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

"நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள் கரிச்சி.

"நாளன்னைக்கு என் முதுகுல அரக்கைத் தேய்ச்சா பஞ்சு சொல்லிடும். அப்ப என்ன பண்ணுவே?"

செவியன் குதித்து எழுந்தான். "ஓடையில குளிச்சுட்டு வாங்க அத்தை! ஈரமா இருந்தா தாவாது!"

"குளிச்சா நான் தப்பிச்சுடுவேன்டா. அது செத்துடும்."

செவியன் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே போயிற்று. யாரும் அரக்கைத் தொடவில்லை. பொழுது சாயும்போது, மிதந்துகொண்டிருந்த பஞ்சையே பார்த்திருந்த கரிச்சி திடீரென்று கேட்டாள்.

"பஞ்சுக்கு மட்டும் பங்கு குடுக்குதே. எங்களுக்குக் குடுக்காதா?"

"எதுக்கு?"

"எல்லார்கிட்டயும் இருந்தா யாரை விரட்டுவாங்க?"

சாம்பி முகத்தைத் திருப்பி ரோமத்தை நக்கிக்கொண்டே சொன்னாள். "பொறி, கேட்டியா? மலையில இருக்கற அத்தனை பேருக்கும் உன்னைப் பிய்ச்சுக் குடுக்கணும். குடுத்தா நீ இப்ப மாதிரி இருக்க மாட்டே. பேச வருமான்னுகூடத் தெரியாது."

"வலிக்குமா?"

"தெரியலடா."

"நீ மலையை விட்டுப் போக வேண்டாம்தானே?"

"வேண்டாம்."

"அப்ப குடு," என்றது பொறி.

எட்டாம் நாள் காலை. வெயில் ஏறிவிட்டது. காற்றில் ஒரு துளி ஈரம் இல்லை. வட்டப்பாறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாம்பி வந்தாள். யாரையும் விடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, மான் காலில் உரசினாள். பன்றி காலில் உரசினாள். கீரி, நரி, முள்ளம்பன்றி, ஒவ்வொன்றின் காலிலும் தலையிலிருந்து வால் வரை உடம்பை இழைத்துக்கொண்டு போனாள். ஒவ்வோர் உரசலிலும் ரோமத்துக்குள் ஒரு முனகல் குறைந்தது. நிற்காமல் நடந்தாள்.

"சாம்பிக்கு என்ன இன்னைக்கு இவ்வளவு பாசம்?" என்றது நரி.

"பாடம் முடிஞ்சிடுச்சுல்ல, அந்தச் சந்தோஷம்," என்றது மான்.

கடைசியாகக் கருமனின் காலில் உரசினாள். பிறகு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். இப்போது கூப்பிட்டாள். "பொறி." பதில் இல்லை.

கருமன் தொண்டையைக் கனைத்தான். "கரிச்சி, முதல்ல என்னைச் சோதி. சட்டம் எனக்கும் சேத்துத்தான்."

கரிச்சி அரக்கை எடுத்தாள். அப்பனின் முதுகில் ஒரே பக்கமாக, வேகமாகப் பத்து இழுப்பு. பஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

பஞ்சு தாவி ஒட்டியது.

கருமன் குனிந்து பஞ்சைப் பார்த்தான். "என்கிட்டயா?"

"இன்னும் பாக்கலாம்ப்பா."

பன்றியைத் தேய்த்தார்கள். தாவியது. மானைத் தேய்த்தார்கள். தாவியது. நரி பின்வாங்கப் பார்த்தது, துடுக்கி வாலைப் பிடித்து இழுத்துத் தேய்த்தாள். அங்கும் தாவியது. செவியன் தன் முதுகில் தானே தேய்த்துக்கொண்டு அரக்கை உயர்த்திக் காட்டினான்.

"மலையையே காலி பண்ணணுமா அப்போ?" என்றது முள்ளம்பன்றி.

கருமன் கால் மாற்றி நின்றான். தம்பியின் நினைவு அவனுக்கு. "இது எரிக்குமே. உள்ளேயிருந்தே எரிச்சுடுமே."

கரிச்சி சருகு மேல் நின்று தன் ரோமத்தைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். பிறகு விரலை மெதுவாக அப்பனின் மூக்குக்குக் கொண்டுபோனாள். தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருக்கும்போதே 'சடக்' என்றது. கடுகில் பாதி அளவு நீலம். அவ்வளவு பெரிய கருமன் ஓரடி எகிறிக் குதித்தான். வட்டப்பாறையே சிரித்தது.

"அவ்வளவுதான்ப்பா. இதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது."

கருமன் மூக்கைத் தடவிக்கொண்டான். கூட்டம் கலையட்டும் என்று கையைக் காட்டினான். எல்லோரும் போன பிறகு சாம்பியிடம் வந்தான். அவன் முட்டாள் இல்லை.

"உன் மூணு பிள்ளையைக் கொன்னவளோட பிள்ளை அது."

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏம்மா?"

"குளிருதுன்னு சொல்லிச்சு."

கருமன் மூக்கை இன்னொரு முறை தடவிக்கொண்டான். போய்விட்டான்.

சாம்பி தன் ரோமத்தை நக்கிப் பார்த்தாள். ஒரு துளி மிச்சம் இருந்தது. சடசடத்தது. ஆனால் பேசவில்லை. எங்கேதான் போயிருக்கும்? கொஞ்சம் மானிடம், கொஞ்சம் நரியிடம், கொஞ்சம் அந்த மூன்று ரெண்டுங்கெட்டான்களிடம். எழுந்து நடந்தாள். எதிரே வந்த செவியனின் காலில் மெல்ல உரசிக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

பிறகு மனிதன் வந்தான். அவன் தலைமுடிக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. காய்ந்த நாளில் பள்ளிக்கூடப் பிள்ளை சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கு தாவுவதும், மழை நாளில் எவ்வளவு தேய்த்தாலும் தாவாததும் அந்தப் பங்கால்தான். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்து நம் காலில் உரசுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். பாலுக்கு வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தன் பிள்ளை சுகமாக இருக்கிறதா என்று கேட்டுப் போக வருகிறது.