இரண்டு விரற்கடை

லியாவ் அரசர்கள் ஆண்ட காலம். வடசீனத்து மலைக்குகை ஒன்றில் வைப்பதற்காக, புத்தரின் சீடர்கள் பதினாறு பேரை ஆளுயரச் சுடுமண் சிலைகளாகச் செய்துகொண்டிருந்தார் துறவி ஹுய்யான். பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி மெருகேற்றிய சிலைகள்.

அவருடைய சீடர் லூ ஷென், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். கைவேலையில் கெட்டி, பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டி. அவருடைய தம்பி, சூளைக்குக் களிமண் வெட்டப் போன இடத்தில் குழி சரிந்து இறந்துபோனான். அவனுக்காக அழ உலகத்தில் அவர் ஒருவர்தான். கடைசிச் சிலைக்குத் தம்பியின் முகத்தை வைக்கலாமா என்று கேட்டார். குரு சரி என்றார்.

புதைக்குமுன் நெற்றியிலிருந்து முகவாய்வரை நூல்பிடித்து அளந்து வைத்திருந்தார் லூ ஷென். நூல் அளவுக்கே தலையைச் செய்தார்.

குரு வந்து பார்த்தார். "இரண்டு விரற்கடை கூட்டிச் செய்யுங்கள். வேகும்போது மண் சுருங்கும்."

லூ ஷென்னுக்குத் தெரியாதா என்ன? முப்பது வருடம் பானை வனைந்தவர். சிலையின் உடம்பைக்கூடக் கூட்டித்தான் செய்திருந்தார். முகத்தைக் கூட்டினால் மட்டும் அது தம்பியாக இல்லை, யாரோ ஒரு தடியனாக இருந்தது. மனம் கேட்கவில்லை.

"என் தம்பிக்கு இருந்த முகம் இவ்வளவுதான்," என்றார். குரு வற்புறுத்தவில்லை.

சூளை ஆறியது. மெருகில் குறையில்லை. மூக்கும் உதட்டோரத்துத் தழும்பும் அவனேதான். ஆனால் அந்தப் பெரிய உடம்பின்மேல் ஒரு சிறுவனின் தலை உட்கார்ந்திருந்தது. நூலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை மிஞ்சித் தொங்கியது. அந்த வயதில், சூளை திறப்பதைப் பார்க்கக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி அழுதார்.

"மண் கொண்டுபோனது போக மிச்சமிருந்ததை நானே நெருப்பில் கொடுத்துவிட்டேன், குருவே."

ஹுய்யான் அவரைத் தம் அறைக்கு அழைத்துப் போய், மூலையில் கிடந்த துணியை விலக்கினார். உடம்பில்லாத சுடுமண் தலை. உப்பிய கன்னம். எந்த உடம்புக்கும் பொருந்தாத அளவு.

"துறவியாவதற்கு முன் செய்தது. என் மகன்."

"எத்தனை வயதில் போனான்?"

"மூன்று."

லூ ஷென் தலையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை முகம் அவருடைய முகத்தைவிட ஒரு சாண் பெரிதாக இருந்தது.

"இது சுருங்கவே இல்லையா?"

"சுருங்கித்தான் இவ்வளவு," என்றார் ஹுய்யான்.