இருநூற்றுப்பத்தின் சாடை

ஒரு கால்வாய்க் கரையில் பெரிய ராட்டினம் ஒன்று இருந்தது. அதன் அச்சு சரியாகத் தரைமட்டத்தில் இருக்கும். மேல்பாதி காற்றில் நிற்கும். கீழ்ப்பாதி கல் கட்டிய குழிக்குள் நிற்கும். அச்சிலிருந்து கைகள் சுற்றிலும் நீண்டிருந்தன. எல்லாக் கைக்கும் ஒரே நீளம், ஒரு கோல் அளவு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பிரம்புத் தொட்டில்.

துருப்பிடித்து அந்த ராட்டினம் சுற்றுவதை விட்டு ரொம்பக் காலமாயிற்று. கைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நின்ற கோணமே அவற்றுக்குப் பெயராகிவிட்டது. வலப்பக்கத் தரையில் எண்ணத் தொடங்கி, மேலே ஏறி, இடப்பக்கத் தரைக்கு இறங்கி, குழிக்குள் புகுந்து, மறுபடி வலப்பக்கத் தரைக்கே வந்து சேருகிற எண்ணிக்கை அது. வலப்பக்கம் மேலே முப்பதும் அறுபதும் இருந்தார்கள். காலை வெயில் அவர்களுக்குத்தான் முதலில். இடப்பக்கத் தரையைத் தாண்டிக் குழிக்குள் இறங்கியதும் முதலில் நிற்பவன் இருநூற்றுப்பத்து.

அவனுடைய தொட்டிலில் ஓர் அடைக்கோழி முட்டைகளோடு உட்கார்ந்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் கரையைத் தாண்டிக் குழிக்குள் விழுந்தது. அடியில் நின்ற இருநூற்றெழுபது முழுகினான். அவனுக்கு அடுத்த இருநூற்று நாற்பதும் முழுகினான்.

"ஏல தம்பி, அடுத்தது நாமதான்" என்றது கோழி. "எனக்கு ரெக்கை இருக்கு, பறந்துருவேன். முட்டைக்கு ரெக்கை எங்க இருக்கு? ஏதாவது செய்யி."

அச்சுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கிக்கயிறு சுருண்டு கிடந்தது. தொட்டிலைக் கொக்கியில் மாட்டிக் கழற்றி, அச்சுப் பக்கத்து மேட்டுக்கு இழுத்துவந்து வைப்பது அதன் வேலை. பலமான கயிறுதான், ஆனால் கண் தெரியாது. யார் என்ன அளவு சொன்னாலும் அந்த அளவுக்குப் போகும்.

"அண்ணாச்சி, என் தொட்டிலை இழுக்கணும்" என்று கத்தினான் இருநூற்றுப்பத்து.

"இழுத்துட்டாப் போச்சு. அச்சிலிருந்து பக்கத்துல எவ்வளவு, உயரத்துல எவ்வளவு? ரெண்டே சொல்லு" என்றது கயிறு. "வெறும் அளவு சொன்னா வலப்பக்கமும் மேலேயும் போவேன். முன்னால கழித்தல்னு சேர்த்தா இடப்பக்கமும் கீழேயும் போவேன். பார்த்துச் சொல்லு. எனக்குத் தெரியாது."

இருநூற்றுப்பத்துக்குத் தன் அளவு தெரியாது. வலப்பக்கம் மேலே இருந்தவர்களுக்குத்தான் தங்கள் அளவு மனப்பாடம். தன் சாடையில் அங்கே யாராவது இருந்தால், அவர்கள் அளவுதான் தன் அளவும். அது அவனுக்குத் தெரியும். யார் அந்த ஆள் என்று பார்த்தான். உயரமாக நின்ற அறுபதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"அக்கா! நான் உங்க சாடைதான். நேர் கீழே தொங்குற இருநூற்றெழுபதுக்கும் எனக்கும் நடுவுல சரியா அறுபது பாகை. உங்க அளவைச் சொல்லுங்க."

அறுபது சிரித்தாள். "தொங்குறவனை வச்சு யாருல சாடை பாப்பா? தரையை வச்சுப் பாரு. தரையிலிருந்து நான் அறுபது ஏறியிருக்கேன். நீ தரையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்க?"

இருநூற்றுப்பத்து முனகினான். "இடப்பக்கத் தரை நூற்றெண்பது. அதுக்கு மேல... முப்பது."

"அப்போ உன் சாடை அந்தக் குட்டையன். அவன்கிட்ட கேளு. என் அளவைச் சொன்னா, கயிறு முழுகிப்போன இருநூற்று நாற்பதைத்தான் போய் மாட்டும்."

முப்பதுக்கு இது பிடிக்கவில்லை. "குழிக்குள்ள எனக்கு யாருல சொந்தம்?"

"அண்ணே, தண்ணி தொட்டில் அடியைத் தொட்டுட்டு" என்றான் இருநூற்றுப்பத்து.

"சரி, சொல்லித் தொலையுதேன். பக்கத்துல முக்காலே அரைக்கால் கோல், அதுல ஒரு நூல் குறைச்சல். உயரம் அரை. வாங்கிட்டுப் போ. யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லாத."

இருநூற்றுப்பத்து கயிற்றின் பக்கம் திரும்பினான். மேலே எல்லாக் கைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கழித்தல் என்று ஒரு தடவை சொன்னால் இடப்பக்கத்துக்காரன் என்று ஆகும். இன்னொரு தடவை சொன்னால் குழிக்காரன் என்று ஆகும். இரண்டு தடவையும் சொல்ல வேண்டியவன் அவன்.

"முக்காலே அரைக்கால், ஒரு நூல் குறைச்சல். உயரம் அரை" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

கயிறு விருட்டென்று கிளம்பியது. வலப்பக்கம் போய், மேலே ஏறி, முப்பதின் தொட்டிலைப் பிடித்து உலுக்கியது.

"எய்யா! என்னைய ஏன் இழுக்க?" என்று அலறினான் முப்பது. "நான் மேட்டுலதானே இருக்கேன்! விடு, விடு!"

"சொன்ன இடத்துக்கு வந்தேன்" என்றது கயிறு. "கோழி எங்க?"

கோழி குழியிலிருந்து கத்தியது. தண்ணீர் பிரம்பின் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. "அடப் பாவி! இங்க முட்டை நனையுது, அங்க நீ யாருக்கோ ஆள் அனுப்புத! நாம எங்க இருக்கோம்னு சொல்ல உனக்கு வாய் நோவுதா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றான் இருநூற்றுப்பத்து, மெதுவாக.

"கயிறும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு!"

இருநூற்றுப்பத்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கரைக்கே கேட்கும்படி சொன்னான்:

"பக்கம், கழித்தல் முக்காலே அரைக்கால், ஒரு நூல் குறைச்சல். உயரம், கழித்தல் அரை."

கயிறு முப்பதை விட்டது. அச்சுக்குத் திரும்பி, இடப்பக்கம் நீண்டு, தரைக்குக் கீழே இறங்கியது. கொக்கி தொட்டிலின் காதில் போய் மாட்டியது. ஒரே இழுப்பு. தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டில் மேட்டில் வந்து உட்கார்ந்தது.

கோழி எழுந்து முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் புரட்டிப் பார்த்தது. சூடு இருந்தது. மறுபடி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது.

மேலிருந்து முப்பது செருமினான். உலுக்கியதில் அவன் தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "என்ன இருந்தாலும் நான் குடுத்த அளவுதானே உன்னைக் காப்பாத்துச்சு?"

கோழி ஈர இறக்கையை உதறியது.

"நீ குடுத்த அளவு வந்து உன்னையத்தானே பிடிச்சுது! என்னையப் பிடிச்சது, இவன் வெட்கத்தை விட்டு முன்னால போட்ட ரெண்டு கழித்தல் கோடு."