மூலையில் கருப்பு

மாசிலாமணி தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகப்பட்டினம் துறையில். கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போன தோணியில் ஆபத்சகாயம் எழுந்து நின்று, "கடுதாசி போடுறேன்டா!" என்று கத்தினார்.

"உக்காருய்யா, எல்லாரையும் கவுத்துடாதே" என்று தோணிக்காரன் அதட்டினான்.

சொன்னபடி போட்டார். பினாங்கிலிருந்து ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு கடிதங்கள். வந்த வரிசையிலேயே அவற்றைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார் மாசிலாமணி. தனக்கும் வயதாகி, மனைவியும் போன பிறகு, ஒருநாள் அந்தக் கம்பியோடு மடத்துக்குப் போனார்.

மடத்து ஓலைச்சுவடிகளைக் காத்துவந்த அடிகள் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர்தான் குரு. அன்று அடிகள் ஒரு பழைய ஓலையில் கரி தேய்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கருப்பு.

"சாமி, இதெல்லாம் என் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரணும். பூச்சி அரிக்காம இருக்க என்ன செய்யணும்?"

"முதலில் படியுங்கள், கேட்போம்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். 'இங்கே மழை உன் மாமியார் மாதிரி. சொல்லாமல் வந்து பத்து நாள் தங்குகிறது' என்ற இடத்தில் அடிகள் சிரித்துவிட்டார். கடைசிக் கடிதம், 'தை பிறந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன். இது சத்தியம்' என்று முடிந்தது.

"வந்தாரா?"

"இல்லை."

"ஏமாற்றிவிட்டாரே உங்கள் அண்ணன்."

மாசிலாமணி எழுந்துவிட்டார்.

"யாரைச் சொல்றீங்க சாமி? அதுக்கப்புறம் மூலையில் கருப்பு தடவின கடிதம் ஒண்ணு வந்தது. அவர் கூட்டாளி எழுதினது. 'வெள்ளத்தில் மாட்டிய மூன்று பேரைக் கரையேற்றினார். நாலாவது ஆளுக்காக இறங்கியவர் திரும்பவில்லை. அவர் பெட்டியில் ஊருக்கு வாங்கிய கப்பல் டிக்கெட் இருந்தது.' ஒரு எழுத்துகூட மறக்கலை எனக்கு."

"அது கம்பியில் இல்லையே."

"சாவுக் கடிதத்தை யாராவது வீட்டுக்குள்ள கொண்டுபோவாங்களா? வாசல்ல நின்னு படிச்சேன். அங்கேயே கிழிச்சுப் போட்டேன்."

"உங்கள் பேரப்பிள்ளைகள் எங்கே நின்று படிப்பார்கள்?"

மாசிலாமணி மெல்ல உட்கார்ந்தார்.

அடிகள் ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

மாசிலாமணி எழுதினார். 'மூன்று பேரை' என்ற இடத்தில் மட்டும் எழுத்து சற்றுப் பெரிதாக விழுந்தது. எழுதி முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, வந்தது வந்தபடி இருக்கணும்னா மூலையில் கருப்பு தடவணும். தடவினா வீட்டுக்குள்ள வைக்க மனசு வரலையே."

அடிகள் தன் முன்னால் இருந்த ஓலையைத் தூக்கிக் காட்டினார். கரி படாத பாதி வெறும் ஓலையாகத் தெரிந்தது. கரி தேய்த்த பாதியில் வரி வரியாக எழுத்து.

"இங்கே கரி பட்டால்தான் படிக்கவே முடிகிறது" என்றார்.

மாசிலாமணி கரியைத் தொட்டு மூலையில் தடவினார்.

கம்பியில் இப்போது நாற்பத்திரண்டு கடிதங்கள் இருக்கின்றன.