ஓடும்போது உதிர்ந்த மாணிக்கம்

“எடுத்தது யாரானாலும் சரி, அந்தக் கை அழுகிப் போகட்டும்!”

மலைக்குடிலின் வாசலிலேயே கத்தினான் ஃபாங் தா. பிரபு வீட்டுக் காரியஸ்தன். தெருவில் விறகு விற்று மேலே வந்தவன். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடன்.

முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குரு ஷான்லி நிமிர்ந்தார். “என்ன தொலைந்தது?”

ஃபாங் தா பட்டுத்துணியைப் பிரித்தான். சீமாட்டியின் தங்கக் கொண்டை ஊசி. மெல்லிய கம்பிகளில் முத்தும் மாணிக்கமும் தொங்கின. ஒரு கம்பி மட்டும் மாணிக்கம் இல்லாமல் மொட்டையாக இருந்தது.

“தலை வாரிவிடும் யூலான்தான் எடுத்திருக்கிறாள். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். சாயங்காலம் அவளை உப்புச் சுரங்க வேலைக்கு வண்டி ஏற்றுகிறேன். அதற்குள் அவள் வாயைத் திறக்க ஒரு வழி சொல்லுங்கள்.”

“இதை உன் குடுமியில் செருகு.”

“நானா? விளையாடாதீர்கள், குருவே.”

“செருகு. நட.”

நடந்தான். கற்கள் சத்தமில்லாமல் ஆடின.

“இப்போது ஓடு.”

முணுமுணுத்துக்கொண்டே ஓடினான். கற்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. ஒரு முத்து தெறித்து முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது.

“இதையும் யூலான்தான் எடுத்தாளா?”

ஃபாங் தா மூச்சு வாங்கினான். “பிரபு வீட்டுப் பெண்கள் ஓட மாட்டார்கள். கல் ஆடலாம், மோதக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம்.”

“எல்லைப் போரிலிருந்து சீமாட்டியின் மகனுடைய குதிரை மட்டும் திரும்பி வந்ததாமே. அன்றைக்கும் நடந்துதான் வந்தாளா?”

ஃபாங் தா ஊசியை மெதுவாகக் கழற்றினான்.

“இந்த ஊசியோடுதான் வெளிவாசல்வரை ஓடி வந்தார்,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “காலில் செருப்புகூட இல்லை. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பார்த்துவிட்டோம் என்றால் அவருக்குத்தானே அவமானம்.”

“நல்ல மனசுதான்.”

“அன்றைக்கு அவர் மூடிய அறைக்கதவு இன்னும் திறக்கவில்லை. யாரைப் போய்க் கேட்பது? வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.”

“யூலான்?”

“அவளும்தான் பேசவில்லை. அடித்தும் பேசவில்லை.”

குரு பாத்தியில் குனிந்து முத்தைப் பொறுக்கி, அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஓடினாள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு பாவமும் அறியாதவளைத் திருடி என்று சொல்ல மட்டும் வந்துவிட்டது. யாராவது ஒருத்தர் இதைச் சரிசெய்தாக வேண்டும், ஃபாங் தா. வண்டி கிளம்புவதற்குள் போ. இப்போதும் ஓடு.”