கழற்றாமல் தைத்த கால்சட்டை

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதரோடு உட்கார்ந்து பேசும். நூலுக்குத்தான் கண் கிடையாது. ஊசி எதைத் தொட்டதோ அதையெல்லாம் அது ஒன்றாகச் சேர்த்துவிடும். துணியைத் தொட்டால் துணியை, தோலைத் தொட்டால் தோலை. அந்த நூலைத் திரிக்கத் தெரிந்தது தையல்சிட்டு ஒன்றுக்குத்தான்.

மலையடிவாரத்தில் சொரிமுத்து என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. அவனுக்கென்று மிச்சம் ஏழு வயது மகள் பேச்சி மட்டும். உடைமரத்து முள்ளும் பாறையுமான அந்தக் காட்டில் அவள் ஓடாத இடமில்லை. கால் கிழியாமல் இருக்கட்டுமென்று, தடித்த துணியை அவுரிச் சாயத்தில் முக்கி அவளுக்கு ஒரு கால்சட்டை தைத்துப் போட்டிருந்தான். எவ்வளவு தடித்த துணியானாலும் அவள் முழங்காலுக்குப் பத்து நாள்தான்.

கிழிந்ததும் கழற்றித் தகப்பன் மடியில் வீசுவாள். அவனுடைய பழைய துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடிவிடுவாள். சிட்டு இலவம்பஞ்சில் நூல் திரித்துக் கொடுக்கும். சொரிமுத்து உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து, பிசிறை மடித்து, நெருக்கமாகத் தைப்பான்.

"இவளுக்குப் பதிலா ஒரு மான்குட்டியப் பெத்திருக்கலாம்ணே. அதுக்குக் கால்சட்டை வேண்டாம்" என்று சிட்டு கேலி பேசும்.

அவனும் சிரிப்பான். சிரித்தபிறகு மடியைப் பார்ப்பான். துணி கிடக்கும், பிள்ளை இருக்காது. தைத்து முடித்ததும் வந்து மாட்டிக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பகலில் அவள் முகத்தை அவன் பார்ப்பது.

ஒரு நாள் காலையில், ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடி கிழித்துக்கொண்டு வந்து நின்றாள் பேச்சி.

"சீக்கிரம்யா. ஓடையில தண்ணி வந்துட்டு. எல்லாரும் போயாச்சு."

அவள் கால்சட்டையைக் கழற்றப் போனாள். சொரிமுத்து கையைப் பிடித்துத் தடுத்தான்.

"கழத்த வேண்டாம். அப்படியே கால மடக்கி என் பக்கத்துல உக்காரு. ஒரு நொடியில முடிச்சிருதேன்."

சிட்டு கிளையிலிருந்து இறங்கி வந்தது. "அண்ணே, வேண்டாம். உடம்புல கிடக்குற துணியில ஊசி படக்கூடாது. கழத்தச் சொல்லு."

"பிள்ள அவசரமா இருக்கா" என்றான் சொரிமுத்து.

"யாரு, அவளா?"

அவன் ஊசியை எடுத்துக்கொண்டு நூலுக்குக் கையை நீட்டினான். சிட்டு அவனை ஒருமுறை பார்த்துவிட்டு நூலை நீட்டியது.

பேச்சி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். தலைமுடியில் புழுதியும் ஆட்டுப்பாலும் மணத்தன. ஓடையில் நண்டு பிடிக்கப்போன கதையைச் சொன்னாள். அவன் தைத்தான். ஒட்டு முடிந்துவிட்டது. அதைச் சுற்றி இன்னொரு வரிசை ஓட்டினான்.

"போதும்ணே" என்றது சிட்டு.

"இன்னும் ஒரு வரிசை."

"அய்யா, சுருக்குங்குது" என்றாள் பேச்சி.

"அசையாம இரு தாயி. முடிஞ்சிட்டு."

முடிச்சை இறுக்கி நூலைப் பல்லால் கடித்தான். பேச்சி எழுந்தாள். மடக்கிய கால் நீளவில்லை. நூல் துணியோடு தோலையும் பிடித்துத் தைத்திருந்தது. ஓர் எட்டு வைத்தாள், விழுந்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. தகப்பன் முகத்தைப் பார்த்தபிறகுதான் அழுதாள்.

சிட்டு அன்று பொழுது சாயும்வரை ஒவ்வொரு தையலாக அலகால் பிரித்தது. துணி கழன்று வந்தது. முழங்காலில் விழுந்த சுருக்கம் போகவில்லை. கால் பாதிக்குமேல் நீளவே இல்லை.

பேச்சி பிழைத்தாள், வளர்ந்தாள். ஓடவில்லை. நாள் முழுக்கத் தகப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் அப்படி ஆகிவிட்டதென்று சொரிமுத்து எல்லோரிடமும் சொன்னான். அவர்களும் ஆமாமென்றார்கள். அந்த மூன்றாவது வரிசை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியது சிட்டு ஒன்றுதான். அது அவன் பக்கம் வருவதையே விட்டிருந்தது. கழற்றியபின் மறுபடி ஒட்டுப் போட்ட அந்தக் கால்சட்டை, அவளுக்குச் சின்னதாகிப் போகும்வரை ஓர் இடத்திலும் கிழியவில்லை. மடியில் அதை விரித்துவைத்துக்கொண்டு, கிழிசல் தேடுபவனைப்போல அவன் விரலால் தடவிக்கொண்டே இருப்பான்.

நூலை நீட்டியது தன் அலகுதானே என்று சிட்டுக்கும் ஆறவில்லை. மனிதரோடு பேச்சை நிறுத்தியது, துணியைத் தொடுவதை விட்டது. கூட்டுக்காகச் செடியிலிருக்கும் இலையைத் தைக்கும்போதும் இழுத்து இறுக்குவதில்லை. ஒவ்வொரு தையலையும் தனித்தனியாகப் போட்டு, இலை வாடாமல் பார்த்துக்கொள்கிறது.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமானாலும், கிழிந்ததைக் கழற்றச் சொல்லி வாங்கித்தான் நாம் தைக்கிறோம். துணி நம் மடியில் கிடக்கிறது. பிள்ளை ஓடிவிடுகிறது.