காட்டோரத்துக் கொள்ளுப் பாத்தி

அந்தக் காலத்தில் மான்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. மற்ற பிராணிகளைப் போல அவையும் பேசும். மேயும்போது மட்டும் பேசாது. வாயைப் புல்லில் வைத்தால் வயிறு நிறைகிறவரை தலையைத் தூக்காது. பக்கத்தில் மரமே சாய்ந்தாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும்.

அப்போது மலைக்காட்டில் சடையன் என்று ஒரு உழவன் இருந்தான். அவன் மனைவி மாதி மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். அவர்களுடைய முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. மசக்கையில் அவள் ஆசைப்பட்டதை நீ கொண்டுவந்து தரவில்லை, அதனால்தான் இப்படி என்று ஊரார் சடையனிடம் சொல்லியிருந்தார்கள். ஊராருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவன்தான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தான்.

இந்த முறை மாதி மான்கறி கேட்டாள். மான்கள் மேய்ந்ததோ நாலு மலை தாண்டி. வாயும் வயிறுமாக இருப்பவளைத் தனியே விட்டுப் போக சடையனுக்கு மனம் வரவில்லை. யோசித்து யோசித்து, நாம் போக வேண்டாம், மானை இங்கே வரவழைப்போம் என்று முடிவு செய்தான். புரட்டாசி மழை இறங்கியதும் காட்டோரமாக ஒரு துண்டு நிலத்தைக் கொத்திப் பதப்படுத்தினான். அந்த வீட்டில் விதைப்பு எப்போதும் மாதியின் கைதான். அவள் கொள்ளு விதைத்தாள். அவன் வேலி கட்டவில்லை. பக்கத்து மரத்தில் பரண் கட்டினான்.

ஐப்பசியில் பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. வாசம் நாலு மலையும் போயிருக்க வேண்டும். சடையன் அம்புமுனை வாங்கக் கொல்லனிடம் போயிருந்த ஒரு மாலையில், பெண்மான் ஒன்று வந்தது. அதற்கும் வயிறு தள்ளியிருந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்த மாதியைப் பார்த்து, சொந்தக்காரி வீட்டுக்கு வந்ததுபோல் தலையாட்டியது.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு அக்கா. இந்த வயித்தோட நடந்து வர இத்தனை நாளாயிடுச்சு" என்றது.

மாதி திகைத்துப்போய், தான் யாரையும் கூப்பிடவில்லை என்றாள்.

"விதைக்கும்போது சொன்னியே. எறும்புக்கு ஒரு பங்கு, குருவிக்கு ஒரு பங்கு, வாறவங்களுக்கு ஒரு பங்குன்னு."

மாதிக்குச் சுருக்கென்றது. கையில் விதையை அள்ளினால் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இறைக்க அந்த ஊர்ப் பெண்களுக்கு வராது. பொறிக்காக விதைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அதையும் சொல்லித் தொலைத்திருக்கிறாள். மான் அதை விருந்தழைப்பு என்று நம்பி வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் கை தன் வயிற்றுக்குப் போனது. மறுபடி களை பிடுங்கக் குனிந்துகொண்டாள். மான் தின்றுவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது.

இரவெல்லாம் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை சடையன் பரணில் இருந்தான். மாதி பாத்தியின் ஓரத்தில் நின்றாள். மான் வந்து, வழக்கம்போல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தின்னத் தொடங்கியது. சடையன் நாணை இழுத்தான். அந்த நேரம் பார்த்து மாதியின் வயிற்றுக்குள் பிள்ளை முதல்முதலாகப் புரண்டது. அவள் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள்.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த மான் மேய்ச்சலுக்கு நடுவே தலையைத் தூக்கியது. குனிந்திருந்த கழுத்துக்குப் போன அம்பு வெறும் மண்ணில் குத்தி நின்றது.

சடையன் இறங்கி ஓடிவந்தான். அவனுக்குக் கோபமில்லை, பயம்தான். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அழுதான். மாதி அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, "எனக்கு அந்த ஆசை போயிடுச்சு மாமா" என்றாள். உண்மையாகவே போனதா, அவனுக்காகச் சொன்னாளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம். பிறகு நடுங்கிக்கொண்டு நின்ற மானின் பக்கம் திரும்பினாள்.

"இனிமே தலையைக் கவுத்துப் போட்டுத் தின்னாதே. வாய்க்கு வாய் நிமிர்ந்து பாரு. எல்லாக் காட்டுலயும் கை தட்ட நான் இருக்க மாட்டேன்."

தையில் மான் குட்டி போட்டது. சித்திரையில் மாதிக்குப் பெண் பிறந்து, மலையே கேட்கும்படி அழுதது. சடையன் ஊராரையெல்லாம் கூப்பிட்டு அந்த அழுகையைக் கேட்க வைத்தான்.

அன்று முதல்தான் மான் ஒவ்வொரு வாய்க்கும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறது. வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் காட்டோரம் வேலியில்லாமல் ஒரு பாத்தி கொள்ளு விதைப்பதும் அன்று முதல்தான். ஆள் தெரிந்ததும் மான் ஓடிவிடும். அங்கே நிற்பவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால் மட்டும், இன்னொரு வாய் தின்றுவிட்டுத்தான் ஓடும்.